பேதி வேறு, மருந்து வேறு



இம்முறை நான் எழுத எடுத்துக்கொண்ட விடயத்தைக் கோவிலில் பிரசங்கமாக வைக்க முடியாது. சாப்பாட்டு நேரத்திலும் பேச முடியாது. மலச்சிக்கலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வீடு மண்ணுக்குள் போய், மரக்கறித் தோட்டம் போய், மாடும் போய் நிற்கிற எங்களுக்கு இதுவா சாமி பெரிய விசயம் என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு பாட்டியை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடும் வரையில்.

2025 நவம்பர் கடைசியில் ‘டித்வா’ சூறாவளியின் மழை எங்கள் மலைகளைச் சரித்தபோது, எங்கள் பங்கு மண்டபத்திலும் குடும்பங்கள் வந்து தங்கின. அவர்களுள் ஒருவர் அறுபத்தெட்டு வயதுப் பாட்டி. சிறுநீரகக் கோளாறுக்காகக் கிளினிக் போகிறவர். வந்த நாள் முதல் ஆறு நாளாக அவர் வெளிக்குப் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. மண்டபத்துக்குப் பின்னால் இருந்தவை இரண்டே மலசலகூடங்கள். பகலெல்லாம் அங்கே வரிசை. இரவில் வெளிச்சம் கிடையாது. தண்ணீர் குடித்தால் போக வேண்டி வரும் என்று அவர் தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். ஆறாம் நாள் வயிறு உப்பி வேதனை தாங்காமல் பக்கத்துப் பாயில் இருந்த அக்காவிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். அந்த அக்கா நல்ல மனதோடு பேதியுப்பு வாங்கிவரச் செய்து, கரைத்துக் கொடுத்திருக்கிறார். அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலையில் இன்னும் கூடுதலாகக் கரைத்துக் கொடுத்திருக்கிறார். பின்னேரம் நான் போனபோது பாட்டி கண் திறக்க முடியாமல் கிடந்தார். கையைத் தூக்கிவிட்டால் கை துணிபோல் விழுந்தது.

என்ன குடித்தார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது மருமகள் வாய் திறக்கவில்லை. மாமியார் வெளிக்குப் போகாத கதையை ஓர் இளம் டொக்டரிடம், அதுவும் தனக்கு அரைகுறையாகத் தெரிந்த சிங்களத்தில், அவள் எப்படிச் சொல்வாள்? நான்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் வைத்தியம் சரியான வழியில் போனது. பேதியுப்பு என்பது மக்னீசியம் சேர்ந்த உப்பு. நல்ல சிறுநீரகம் மிதமிஞ்சிய மக்னீசியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். பழுதுபட்ட சிறுநீரகத்தால் அது முடியாது. அப்போது மக்னீசியம் இரத்தத்தில் ஏறித் தசைகளைத் தளர்த்தும், மூச்சையும் இதயத் துடிப்பையும் தாழ்த்தும், ஆளையும் கொல்லும். பாட்டி பிழைத்துக்கொண்டார்.

அந்த அக்காவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். எமக்கெல்லாம் தெரிந்ததும் அதுதான். மலச்சிக்கல் என்றால் பேதி; பேதி என்றால் வயிற்றைக் கழுவுவது; கழுவிவிட்டால் வியாதி போய்விட்டது. இந்த நினைப்பு தவறு என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். சனிக்கிழமை காலையில் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றிய பாட்டிமாரிடமிருந்து ஒரு பாதி வந்தது. மறுபாதி தோட்டத்து மருந்துக் காம்பிராவிலிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு வேலை இலங்கையில் தொடங்கியது. தொடங்கிய இடம் எமக்குப் பக்கத்திலுள்ள மாத்தளைப் பகுதித் தோட்டங்கள். அந்தக் காலத்துப் பூச்சி மருந்துகள் கடுமையானவை. அவற்றோடு பேதியுப்பும் கொடுத்துக் குடலைக் கழுவுவது அன்றைய முறை. தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, கண்முன்னே குடிக்க வைத்தார்கள். புழுவுக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் மருந்து என்றால் வயிற்றைக் கலக்கி அடித்துக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் அது மருந்தல்ல என்ற எண்ணம் நூறு வருடத்துக்குப் பிறகும் எங்கள் சனங்களிடம் இருக்கிறது.

நாட்பட்ட மலச்சிக்கல் என்று வைத்தியர்கள் சொல்வது ஒரு நாள் போகாததை அல்ல. தினமும் போகாவிட்டால் வியாதி என்பதும் இல்லை. வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போவது, கல்லுப்போல் கட்டியாகப் போவது, முக்கி முக்கி வேதனைப்படுவது, போய்வந்த பின்னும் இன்னும் இருப்பதுபோல் தோன்றுவது ஆகியவை மாதக்கணக்கில் நீடித்தால் அது நாட்பட்ட மலச்சிக்கல். அதற்கு ஒருநாள் கழுவல் உதவாது. கழுவிய குடல் வெறுமையாகிவிடும். அது திரும்ப நிரம்ப இரண்டு மூன்று நாள் எடுக்கும். அந்த நாட்களில் போகாததைக் கண்டு பயந்து மறுபடி பேதி குடிப்பார்கள். இப்படியே வருடக்கணக்காக ஓடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இது ஏன் கூடுதலாக வருகிறது என்று உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. நிவாரணமாக வருவது கோதுமை மா, வெள்ளை அரிசி, சீனி, டின் மீன். கீரை பிடுங்க உங்களுக்கு வேலியும் இல்லை, பலாக்காய் பறிக்க மரமும் இல்லை. காலையில் எழுந்து தேத்தண்ணி குடித்தவுடன் குடல் தானாக அசையும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அது அடங்கிவிடும். வரிசையில் நிற்கும் பெண்கள் அந்த நேரத்தைத் தினமும் தவறவிடுகிறார்கள். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களும் அப்படியே. அடக்கி அடக்கி, பிறகு குடல் கேட்பதையே விட்டுவிடுகிறது. மனக்கவலையும் சேர்ந்துகொள்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர்களான ஷாமன் ராஜிந்திரஜித், நிரங்கா தேவநாராயண ஆகியோர் எமது நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வொன்று 2010இல் வெளியாயிற்று. நூற்றுக்குச் சுமார் பதினைந்து பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் இருந்தது. போர் நடந்த பிரதேசங்களில் வாழ்ந்த பிள்ளைகளிடமும், வாழ்க்கையில் பெரும் அதிர்ச்சிகளைக் கண்ட பிள்ளைகளிடமும் அது கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே இது வயிற்றில் மட்டும் உண்டாகிற வியாதி அல்ல.

இன்னொரு காரணத்தை அநேகர் அறிவதில்லை. வேறு வருத்தத்துக்குக் குடிக்கும் மருந்தே மலத்தைக் கட்டும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசை கட்டும். கொடீன், ட்ரமடோல் போன்ற வலிக் குளிசைகள் நன்றாகவே கட்டும். பிரஷருக்குக் கொடுக்கும் வெரபமில், நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அலுமினியம் சேர்ந்த மருந்து, மன அழுத்தத்துக்கும் நித்திரைக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் என்பனவும் அப்படியே. மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபீன் உண்டாக்கும் மலச்சிக்கல் சிலரில் குடலையே அடைத்து உயிரைப் பறிக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 ஜனவரியில் இதைப் பற்றிக் கடுமையாக எச்சரித்தது. இப்படிப்பட்டவருக்கு இன்னொரு மருந்தை மேலே கொடுப்பதற்கு முன், முதல் மருந்தை மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்று வைத்தியர் பார்ப்பார். ஆனால் நீங்கள் சொன்னால்தானே அவர் பார்ப்பார்? அதேநேரம், குளிசை கட்டுகிறது என்று நீங்களாகவே அதை நிறுத்திவிடவும் வேண்டாம். இரும்புக் குளிசையை இரகசியமாக முற்றத்தில் எறிந்துவிட்டு, கிளினிக்கில் குடித்தேன் என்று சொல்லும் பிள்ளைத்தாய்ச்சிகளை எனக்குத் தெரியும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் மழையில் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. கொடீன் கலந்த வலிக் குளிசை கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் எனக்கும் அதே கதிதான். அம்பிட்டியக் குருமடத்தில் வருடக்கணக்காக மெய்யியலும் இறையியலும் படித்த நான், மருந்து உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. டொக்டரிடம் கேட்க வெட்கம். நண்பரான ஒரு குருவானவரின் அலுமாரியில் பிசகோடில் குளிசை இருந்தது. ஒன்றுக்குப் பதிலாக மூன்று போட்டேன். இரவில் போட்ட குளிசை விடியமுன் வேலையைக் காட்டியது. அன்று காலைப் பூசையை வேறொருவர் ஒப்புக்கொடுத்தார். காரணம் கேட்டவர்களுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அந்தப் பொய்க்குப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். ஆனால் அந்த வெட்கம்தான் எனக்கும் பாட்டிக்கும் பொதுவான வியாதி.

இனி மருந்துகளுக்கு வருவோம். எந்த அளவு, எத்தனை நாள் என்பதை நான் எழுதமாட்டேன். அது உங்களைப் பார்க்கும் வைத்தியரின் வேலை. ஆனால் அவர் கொடுக்கும் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் பிழைவிட மாட்டீர்கள்.

இசப்கோல் உமி போன்றவை தண்ணீரை உறிஞ்சி ஊதி, மலத்தைப் பெரிதாக்கி மென்மையாக்கும். அதற்குத் தண்ணீர் வேண்டும். ஒரு கோப்பை நிறையத் தண்ணீரோடு குடித்து, பிறகும் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குடிக்காமல் உமியை மட்டும் விழுங்கினால் அது தொண்டையிலோ குடலிலோ சீமெந்துபோல் இறுகி அடைக்கும். படுக்கப் போகும் நேரத்தில் அதைக் குடிக்கக் கூடாது. விழுங்கக் கஷ்டப்படும் வயோதிபர்களுக்கும், ஏற்கெனவே குடல் அடைபட்டவர்களுக்கும் அது ஆகாது. வரிசைக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்திருக்கும் ஒருவருக்கு இந்த மருந்தைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று நீங்களே விளங்கிக்கொள்வீர்கள். நான் தண்ணீர் குடிப்பதில்லை என்பதையும் வைத்தியரிடம் சொல்லத்தான் வேண்டும்.

லக்டுலோஸ் என்னும் இனிப்புப் பாணியை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அதிகமாகக் கொடுப்பார்கள். அது இரத்தத்தில் பெரும்பாலும் சேராமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே தண்ணீரை இழுத்து வைத்து மலத்தை இளக்கும். அதன் வேலை மெதுவானது. ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை எடுக்கும். எங்கள் சனங்கள் தவறுவது இங்கேதான். ராத்திரி குடித்தேன், காலையில் ஒன்றும் நடக்கவில்லை, இது உதவாத மருந்து என்று போத்தலைத் தூக்கி வைத்துவிடுவார்கள். அல்லது மடமடவென்று அரைப் போத்தலைக் குடித்துவிடுவார்கள். முதல் நாட்களில் வயிறு ஊதும், காற்றுப் பிரியும், பயப்பட வேண்டாம். போத்தலோடு வரும் அளவுக் கோப்பையால் அளந்து குடியுங்கள். வீட்டுக் கரண்டிகள் எல்லாம் ஒரே அளவு அல்ல. சீனி வியாதி உள்ளவர்கள் அதைச் சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும்.

மூன்றாவது வகை, குடலைத் தூண்டி அசைய வைப்பது. பிசகோடிலும் சென்னாக் குளிசையும் இந்த வகை. சென்னா என்பது வேறொன்றும் அல்ல, எங்கள் நிலாவாரைதான். உலகமெங்கும் மருந்துக் கம்பனிகள் அதை ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரால் அறியும். எங்கள் முப்பாட்டன்மாரில் சிலர் கப்பலேறிய அதே சீமையிலிருந்துதான் அதுவும் உலகத்துக்குப் போனது. இலைதானே, மூலிகைதானே, எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் செய்யாது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். நாட்டு வைத்தியரிடம் நிலாவாரைச் சூரணமும், ஆஸ்பத்திரியில் சென்னாக் குளிசையும் வாங்கி இரண்டையும் குடிக்கிறவர் ஒரே மருந்தை இரட்டிப்பாகக் குடிக்கிறார். இரண்டு வைத்தியருக்கும் மற்றவர் கொடுத்ததைச் சொல்லுங்கள். இந்த வகை மருந்து ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்தில் வேலை செய்வதால் வழக்கமாக இரவில் கொடுப்பார்கள். பிசகோடில் குளிசையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. பாலோடும், நெஞ்செரிவு மருந்தோடும் அதைச் சேர்க்கக் கூடாது. குடலில் போய்க் கரையட்டும் என்று அதற்கு ஒரு பூச்சுப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பூச்சு வயிற்றிலேயே கரைந்தால் வயிறு முறுக்கி எடுக்கும்.

எந்தப் பேதி மருந்தையும் அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் தண்ணீரோடு பொட்டாசியம் என்னும் உப்பும் உடம்பை விட்டுப் போய்விடும். அது குறைந்தால் கால் கை சோரும், இதயத் துடிப்புத் தடுமாறும். வீக்கத்துக்குத் தண்ணீர்க் குளிசையும், இதயத்துக்கு டிகொக்சினும் குடிக்கிறவர்களுக்கு இது இரட்டை ஆபத்து. முதியவர்கள் மயங்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதும் இப்படித்தான்.

இப்போது புதிய மருந்துகளும் வந்துவிட்டன. புருகலோபிரைட் என்ற ஒன்றை மற்ற மருந்துகள் பயன்படாதவர்களுக்கு வைத்தியர்கள் எழுதுவார்கள்; சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு அதன் அளவைக் குறைக்க வேண்டும். புதியது என்றவுடன் நல்லது என்று ஓடக் கூடாது. பழையது என்பதால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. டெகசெரொட் என்ற மருந்து நாட்பட்ட மலச்சிக்கலுக்கும் விற்கப்பட்டு, மாரடைப்பும் பாரிசவாதமும் பற்றிய பயத்தால் 2007இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. பினோல்ப்தலீன் என்பதோ ஏறத்தாழ நூறு வருடம் துண்டில்லாமல் கடைகளில் கிடைத்த பேதி மருந்து. சொக்லட்டாகவும் செய்து விற்றார்கள். மிருகங்களில் அது புற்றுநோயை உண்டாக்கியதைக் கண்டு 1999இல் அமெரிக்காவில் தடை செய்தார்கள். கடையில் இருக்கிறது என்பதற்காக அது எல்லாருக்கும் ஏற்றது என்று ஆகாது.

சிறுநீரகத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது விவசாயிகளாகிய உங்கள் விடயம். 1990களில் வடமத்திய மாகாணத்தில் மதவாச்சி, பதவியா பக்கங்களில் கவனிக்கப்பட்ட, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பின்னர் கிராந்துருகோட்டை, வில்கமுவ போன்ற இடங்களிலும் காணப்பட்டது. அதிகமாகப் பாதிக்கப்பட்டவர்கள் வயலில் வேலை செய்கிற ஆண்கள். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகத் தெல்தெனியப் பக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்களில் பலர் போய்க் குடியேறிய மகாவலிப் பிரதேசமும் இதில் அடங்கும். இந்த நோய் நெடுங்காலம் எந்த அறிகுறியும் காட்டாது. ஆகவே எனக்குச் சிறுநீரகம் சுகம் என்று சோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது. அந்தப் பக்கங்களில் வாழ்ந்தவர்கள், சீனி வியாதி, பிரஷர் உள்ளவர்கள், வயதானவர்கள் யாரும் பேதியுப்பையோ, மக்னீசியா பாலையோ, பொஸ்பேற்று சேர்ந்த பேதி மருந்தையோ வைத்தியரைக் கேளாமல் தொடவே வேண்டாம். பொஸ்பேற்று மருந்தை இருபத்துநாலு மணித்தியாலத்தில் ஒரு முறைக்கு மேல் பாவிப்பது சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுக்கக்கூடும், மரணமும் நேரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014 ஜனவரியில் எச்சரித்தது. பாட்டிக்கு நடந்ததும் இந்த வகையான கதைதான். முதல் வேளை வேலை செய்யவில்லை என்று இரண்டாம் வேளையும் கொடுத்தார்கள்.

பிள்ளைகளின் விடயம் வேறு. வேதனைக்குப் பயந்து பிள்ளை மலத்தை அடக்கும். அடக்க அடக்க அது பெருத்து இறுகும். இறுகிய கட்டியின் பக்கமாகத் தண்ணியாகக் கசிந்து களிசானில் படும். தாய் இதை வயிற்றோட்டம் என்று நினைத்து வயிற்றோட்டத்துக்கு மருந்து கொடுப்பாள். தகப்பன் இவ்வளவு பெரிய பிள்ளைக்கு வெட்கமில்லையா என்று அடிப்பான். அடிக்காதீர்கள். அது பிள்ளையின் குற்றமல்ல. கட்டியை வெளியேற்றிய பிறகு மாதக்கணக்காக மருந்து கொடுத்து, விரிந்த குடலைச் சுருங்க விடுவதுதான் வைத்தியம். இரண்டு வாரத்தில் நன்றாகிவிட்டது என்று நிறுத்தினால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். பேராதனையில் சிறுவர்களுக்கென்றே சிறிமாவோ பண்டாரநாயக்க ஆஸ்பத்திரி இருக்கிறது. கைக்குழந்தையின் மூக்கைப் பிடித்து எண்ணெய் ஊற்றும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். புரையேறி எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் எளிதில் ஆறாத நிமோனியா வரும். படுக்கையிலிருக்கும் வயோதிபர்களுக்கும் இது பொருந்தும். பிறந்து இரண்டு நாளாகியும் கறுப்பு மலம் போகாத சிசுவை உடனே காட்ட வேண்டும்.

பெரியவர்களிலும் சிலருக்கு எந்தப் பேதி மருந்தும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் இருந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது குடலைத் தூண்டினால் அது கிழிந்துவிடும். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, இரத்தச் சோகை, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல் ஆகியவற்றை மூலவியாதி என்று சொல்லிச் சும்மா இருக்கக் கூடாது. புற்றுநோயாகவும் இருக்கலாம். தைரொயிட் குறைவும் மலத்தைக் கட்டும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். ஆனால் உங்கள் கையிலுள்ள மருந்து உறையில் என்ன எழுதியிருக்கிறது? கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனையிலும் அரசாங்கம் இலவசமாக மருந்து கொடுக்கிறது. இது சிறிய விடயமல்ல. 1987இல் அரசியலமைப்பைத் திருத்தித் தமிழையும் அரசகரும மொழியாக்கினார்கள். அப்படியிருந்தும், தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய உறையோடு வீட்டுக்கு வருகிற தமிழ்த் தாய்மாரை நான் தினமும் காண்கிறேன். காலை எது, இரவு எது என்று குளிசையின் நிறத்தை வைத்து ஞாபகப்படுத்துகிறார்கள்; அடுத்த மாதம் வேறு நிறத்தில் அதே மருந்து வருகிறது. மருந்து கொடுக்கும் இடத்தில் வெட்கப்படாமல் நில்லுங்கள். எத்தனை, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். பின்னால் நிற்பவர் முறுமுறுத்தால் முறுமுறுக்கட்டும்.

மருந்தின் உண்மைப் பெயரையும் கேட்டு வையுங்கள். இதை எமக்குப் படிப்பித்த பெரியவர் எங்கள் ஊரில் வாழ்ந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியராக இருந்த சேனக பிபிலே, 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். கம்பனி வைத்த பெயரால் அல்ல, மருந்தின் பொதுப் பெயரால் எழுத வேண்டும், வாங்க வேண்டும் என்று நின்றார். 1977இல் காலமானார். அவருடைய வழி ஏழைக்கு விலையைக் குறைத்தது. அதோடு, பெயர் தெரிந்தால் ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு தரம் விழுங்க மாட்டோம். ‘ராஜ்ய ஒசுசல’வில் பொதுப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். அடுத்த வீட்டாரின் துண்டைக் காட்டி மருந்து வாங்குவதும், மீந்த குளிசையை அன்பளிப்பாகக் கொடுப்பதும் வேண்டாம். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை ஆஸ்பத்திரியில் வழமையான சத்திரசிகிச்சைகளையே நிறுத்தி வைத்தார்கள். அந்தக் காலத்தில் இந்தக் கைமாற்று எங்கள் சனங்களிடம் நன்றாக வளர்ந்துவிட்டது. வெளியில் வாங்கக் காசில்லை என்றால் அதை டொக்டரிடமே சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் உள்ள வேறொன்றை அவர் எழுதித் தரக்கூடும்.

கடைசியாக, முகாம்களை நடத்துகிற எமக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அரிசி மூட்டையை எண்ணுகிறோம், பாயை எண்ணுகிறோம். மலசலகூடத்தை எண்ணினோமா? உலகெங்கும் நிவாரண நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட ‘ஸ்பியர்’ அளவுகோல், முதல் நாட்களில் ஐம்பது பேருக்கு ஒன்றும், பிறகு இருபது பேருக்கு ஒன்றும் வேண்டும் என்கிறது. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் மண்டபம் இதில் சித்தியடையவில்லை. பாட்டியின் இரத்தத்தில் ஏறிய மக்னீசியத்தில் எனக்கும் பங்குண்டு.

பாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் தகரம் அடித்து இன்னும் நான்கு கட்டினோம். பெண்கள் பக்கத்துக்கு வெளிச்சம் போட்டோம்; கதவுக்கு உள்ளே கொளுக்கியும் வைத்தோம். பாட்டிக்கு இப்போது லக்டுலோஸ் எழுதியிருக்கிறார்கள். அவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதைச் சிறுநீரக கிளினிக்கில் கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் பேத்தி தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். போன ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில், நாலு பேர் நிற்கும்போதே, “சாமி, நேத்தும் போச்சு, இன்னிக்கும் போச்சு” என்று சத்தமாகச் சொன்னார். மருமகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மருந்து மட்டும் சீனிப்பாணிபோல் தித்திக்கிறதாம்; அது அவருக்குப் பிடிக்கவில்லையாம்.